ஆற்றின் மேல் நின்ற செகண்ட் கியர்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் செகண்ட் கியர் அண்ணனைவிட மெதுவான மனிதர் ஒருவர் கிடைத்திருக்கமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நாங்கள் ஒன்றாகக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தோம். பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பள நாளன்று மட்டும்தான் தேவைப்பட்டது. மற்ற நாளெல்லாம் செகண்ட் கியர்தான்.

அவர் ஒரு தோசையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் எதிர் மேசையில் மூன்று குடும்பங்கள் வந்து பசியாறிவிட்டுப் போய்விடும். கேள்வி கேட்டால் பதில் நிச்சயம் வரும். ஆனால் அது வரும்போது நாம் கேட்டதையே மறந்திருப்போம். ஒருநாள் குணா, "அண்ணே, தே வேணுமா?" என்றான். அவர் யோசித்தார். நாங்கள் தேநீரைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்து, முதலாளியிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு, "சீனி கொஞ்சமா போடச் சொல்லு" என்றார்.

குணா எங்கள் அலுவலகத்தின் வாய். இன்னொரு கூட்டாளி நேசன், பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணக்காரன். வெயில் கொளுத்தும்போதும் குடை இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான். அந்த நேசன்தான் ஒரு திங்கட்கிழமை அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான்.

"ஐசே, செகண்ட் கியர் எங்கட ரோட்டால போனவர். காடிக்கு மேல ஒரு போட் கட்டியிருக்கு. காடியைவிட போட் நீளம்!"

குணா சிரித்த சிரிப்பில் பக்கத்து அலுவலகத்தார் எட்டிப் பார்த்தார்கள். "இவரு டீ ஆத்துனாலே அரை மணி நேரம் ஆகும்லா. ஆத்துல போட் ஓட்டுறாராமா?"

நேரே போய்க் கேட்டோம். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கிய காயாக் படகாம். சனிக்கிழமையானால் மலையடிவாரத்தில் இருக்கும் கோலகுபு போய்விடுவாராம். "அங்க அலை இருக்கு. அது மேல நிப்பேன்" என்றார்.

"அலை கடல்லதானே அண்ணே இருக்கும்?"

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பதில் வந்தது. "ஆத்துலயும் இருக்கு குணா. வரீங்களா?"

அந்தச் சனிக்கிழமை அவருடைய பழைய டட்சன் காடியில் நான்கு பேர், கூரைமேல் காயாக், பின்னால் கூடாரம், குணா கொண்டுவந்த லோரி டியூப் ஒன்று. பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? எங்களுக்குப் பின்னால் லோரிகள் ஊர்வலமாக வந்தன. ஹாரன் சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. ஒரு இடத்தில் வாழைத்தார் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார். காலையில் போய்ச் சேரவேண்டியவர்கள் மத்தியானச் சோற்று நேரம் தாண்டித்தான் ஆற்றங்கரையில் இறங்கினோம்.

கூடாரம் அடித்தார். அடித்து முடிப்பதற்குள் மழை வந்து, நனைத்து, நின்றும்விட்டது. சார்டின் மீன் சம்பல் வைக்கிறேன் என்று அவர் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். குணா பசி தாங்காமல் ரொட்டியை வெறுமனே தின்று தீர்த்தான். ஆனால் ஒன்று. அந்தச் சம்பலைப் போல இன்றுவரை நான் சாப்பிட்டதில்லை.

சரி, இனி படகு இறங்கும் என்று பார்த்தால் மனிதர் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டு ஆற்றையே பார்க்கிறார். பொழுது சாயும்வரை பார்க்கிறார்.

"பாக்குறதுக்கு டிவி போதுமே அண்ணே. இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?" என்றான் குணா.

"தண்ணி இன்னும் வரல குணா."

எங்கள் காலடியில் ஒரு ஆறே ஓடிக்கொண்டிருந்தது. நேசன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, ஆளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று ஜாடை செய்தான்.

விடிந்து கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது அது வேறு ஆறு. மலைமேல் மழை கொட்டியிருக்கவேண்டும். முந்தின நாள் அவர் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் வெள்ளம் உறுமிக்கொண்டு போனது. நடு ஆற்றில், மூழ்கிய பாறை ஒன்றைத் தாண்டி விழும் தண்ணீர் திரும்பவும் எழும்பிச் சுருண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை அலையாக அதே இடத்தில் நின்றது. அருகே நின்று பேசினாலும் கேட்கவில்லை.

செகண்ட் கியர் அண்ணன் மிதவைச் சட்டையை மாட்டினார். உபரியாக இருந்த ஒன்றை குணாவுக்குப் போட்டுவிட்டு, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபார்த்தார். "போதும்ணே, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ நேரம் ஆகாது" என்று அவன் நெளிந்தான். பிறகு அவர் காயாக்கில் உட்கார்ந்து கரையைத் தள்ளி விலகினார்.

அலைக்குக் கீழ்ப்பக்கமிருந்து மூக்கை வெள்ளத்துக்கு எதிராக வைத்து, துடுப்பை நான்கு முறை போட்டார். படகு அலைமேல் ஏறி உட்கார்ந்தது. அவ்வளவுதான். அப்படியே நின்றார்.

எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடியில் ஆறு முழுக்க ஓடுகிறது. மரக்கட்டைகள் பாய்ந்து போகின்றன. அவர் மட்டும் போகவில்லை. மணிக்கட்டு கொஞ்சம் திரும்புகிறது, இடுப்பு கொஞ்சம் சாய்கிறது. படகு இடப்பக்கம் வழுக்கிப் போய், வலப்பக்கம் வழுக்கி வருகிறது. ஒரு தடவை மூக்கு தண்ணீருக்குள் குத்தி, படகு செங்குத்தாக எழும்பிச் சுழன்று, மறுபடி அலைமேலேயே வந்து விழுந்தது. அவர் முகத்தில் நாங்கள் அலுவலகத்தில் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு. நேசன் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

எங்கள் வாய் மூடுவதற்குள் குணா காரியத்தைக் கெடுத்துவிட்டான். "ஓரமாத்தான் போறேன்லா" என்று கத்திவிட்டு லோரி டியூபில் ஏறி உட்கார்ந்தான். ஆறு அவனைச் சட்டென்று நடுவுக்கு இழுத்தது. டியூப் கவிழ்ந்தது. அவன் தலை மட்டும் அலைக்குப் பக்கத்தில் தெரிந்து, கடந்து போனது. கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. தண்ணீர் முழுவதும் அதன் கிளைகளுக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது.

நான் "அண்ணே!" என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அலை காலியாக இருந்தது.

தண்ணீரைவிட வேகமாக ஒரு மனிதன் போவதை அன்றுதான் பார்த்தேன். குணாவுக்கும் மரத்துக்கும் நடுவே போய்ப் படகைத் திருப்பினார். "பின்னாடி கயிறப் புடி! விடாத!" அந்தக் குரல் வெள்ளத்தையும் மீறிக் கேட்டது. குணா பிடித்தான். மரத்தின் கிளை படகின் வாலை உரசும் தூரத்தில் அவர் துடுப்பைப் போட்டுப் போட்டுக் குறுக்கே இழுத்து, அமைதியான ஓரத்தண்ணீருக்குள் கொண்டுவந்து தள்ளினார்.

நாங்கள் ஓடிப்போய் குணாவைத் தூக்கினோம். அவன் தண்ணீர் கக்கினான், பிறகு சின்னப் பிள்ளைபோல அழுதான். அண்ணன் படகை விட்டு இறங்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசம் தனியாத்தான் வருவேன்" என்றார் கடைசியில். "இன்னிக்கித்தான் ஆளுங்களோட வந்தேன். கெடுத்துப்புட்டேன். இனிமே நீங்க வரமாட்டீங்க."

நாங்கள் கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டினோம். திரும்பும் வழியில் குணா, சாகும்வரை குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நானும் நேசனும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் குணா எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் அதைப் பார்க்காததுபோல் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படகைக் காடிமேல் ஏற்றினோம்.