கார் மட்டும் என்ட

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, களுதாவளையில், நல்லரத்தினம் தன் காரைச் சுதந்திர நாடாக அறிவித்தார்.

காரணம் இறால். முதல் நாள் அவருடைய மனைவி அன்னப்பூரணி, வாவி இறால் ரெண்டு கிலோவைப் பையில் கட்டிப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு வந்தாள். பை ஒழுகிவிட்டது. மணம் சீற்றுக்குள் இறங்கிக் குடியிருக்கத் தொடங்கிவிட்டது. சவர்க்காரம் போட்டார். தேசிக்காய் தேய்த்தார். சாம்பிராணிகூடக் காட்டிப் பார்த்தார். சாம்பிராணி போட்ட இறால் மணம் வந்ததுதான் மிச்சம்.

"இண்டையில இருந்து இந்தக் காருக்குள்ள என்ட சட்டம்," என்றார். "வீடு உன்ட. வளவு உன்ட. வட்டை உன்ட. கார் மட்டும் என்ட."

அன்னப்பூரணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஓம்," என்றாள்.

சண்டைக்கு ஆயத்தமாக வந்த மனிசனுக்கு அந்த ஓம் பெரிய ஏமாற்றம்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு அவளுக்கு வந்த சீதனம். வளவில் நிற்கிற தென்னை அவளுடையது. வட்டையில் விளைகிற நெல் அவளுடையது. கிணறு அவளுடையது. ஏன், கிணற்று வாளிகூட அன்னப்பூரணியின் அப்பா வாங்கிக் கொடுத்ததுதான். முப்பது வருடமாகப் பெண்சாதியின் கூரைக்குக் கீழே படுத்தெழும்புகிற மனிசன், தனக்கென்று நாலு சில்லு வைத்திருந்தால் அதைப் பார்த்து ஆரும் சிரிக்கக்கூடாது. நான் சிரிக்க மாட்டேன்.

மத்தியானத்துக்குள் ஒன்பது சட்டம் எழுதிக் காருக்குள் ஒட்டிவிட்டார். மீன், இறால், கருவாடு ஏறக்கூடாது. மூட்டை ஏறக்கூடாது. சட்டி பானை ஏறக்கூடாது. காலில் மணலோடு ஆரும் ஏறக்கூடாது. மனைவி பின் சீற்றில்தான் இருக்க வேண்டும், முன்னுக்கு இருந்தால் மாடு கண்ட இடமெல்லாம் "பாத்து, பாத்து" என்பாள். ஒன்பதாவது சட்டம், சந்தேகம் வந்தால் நல்லரத்தினம் சொல்வதே முடிவு.

காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்த கரைச்சலே அதுதான். உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, டயருக்கு எவ்வளவு காற்று என்று அவரிடம் அரை மணித்தியாலம் பாடம் கேட்டுவிட்டுத்தான் உப்போடு போனாள். றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. கிளச்சில் காலை வைத்தபடி ஓட்டாதே. வாவிக் காற்று உப்புக் காற்று, கிழமைக்கு ஒரு தரம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கழுவு. தூரப் பயணமென்றால் கயிறும் ஜக்கும் மேலதிகச் சில்லும் இல்லாமல் வெளிக்கிடாதே. எல்லாம் நல்ல புத்திதான். எட்டுக் கிலோமீற்றர் போவதற்கு ஒன்றரை மணித்தியாலம் சோதனை போட்டதைத்தான் வீட்டில் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் மட்டக்களப்பு டவுனில் இருந்து பேர்டி போன் எடுத்தார். பதினாலு வருடத்துக்கு முன் இந்தக் காரை விற்ற பறங்கியர். மகள் மெலிண்டாவோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாராம். கார் இன்னும் தன் பெயரில் கிடக்கிறது, போவதற்குள் மாற்றி முடியுங்கள் என்றார்.

விசயம் இதுதான். விற்கிறபோதே பேர்டி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வாங்குகிறவர் பெயர் எழுதுகிற இடத்தை நல்லரத்தினம் அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார். ஊரில் பல பேர் செய்கிற வேலைதான், ஓப்பின் பேப்பர் என்பார்கள். கார் என் முற்றத்தில் நிற்கிறது, திறப்பு என் சேட்டுப் பையில் கிடக்கிறது, மறுகா பேர் எதற்கு என்பது அவருடைய கட்சி.

பெயர் மாற்றுகிற அரசாங்கக் கந்தோருக்கு அன்னப்பூரணி வெளிக்கிட்ட நேரம் அவர் காருக்குக் கீழே படுத்துத் துருத் தேடிக்கொண்டிருந்தார். ரெண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் காலைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

"நீங்களும் வாங்க. பேர் எழுதுற வேலை."

"எஞ்சின் என்ட பொறுப்பு. காகிதம் உன்ட பொறுப்பு. காகித வேலைக்கு ஆம்பிள எதுக்கு?"

"மறுகா ஒண்டும் சொல்லக்கூடாது."

"நான் என்னத்தச் சொல்லப் போறன்? நீயே எழுதி, நீயே ஒப்பம் வச்சிட்டு வா."

ரெண்டாம் தரம் போகிறபோதும் கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டாள். மூன்று தரமும் கால்கள் அசையவில்லை. எல்லாம் முடிந்து, காகிதமெல்லாம் அடுக்கிய ஒரு கோவையைக் கொண்டுவந்து நீட்டினாள். காகிதத்தைப் பார்த்துக் கார் ஓடுவதில்லை என்று சொல்லி அதைத் திறக்காமலே காருக்குள் போட்டார். முன் கண்ணாடியில் புது வரிப்பத்திரத்தையும் அவளே ஒட்டினாள். தினமும் காலையில் அதைச் சுற்றி ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்தார் நல்லரத்தினம். வாசிக்க மட்டும் மினக்கெடவில்லை.

இப்படி இருக்க மண்டூரில் குடிபுகல் வந்தது. அன்னப்பூரணியின் அக்கா மகளுக்குக் கட்டிய புதுவீடு. சமையலுக்கென்று ஒரு மூட்டை அரிசியும் பெரிய கிடாரமும் கொண்டுபோக வேண்டும் என்றாள். நல்லரத்தினம் சட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கூடப்பிறந்தவள்ட மகள்ட வாசலில வெறுங்கையோட போய் நிக்கச் சொல்லுறீங்களா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது.

அவருக்கும் ஒரு மாதிரித்தான் போய்விட்டது. ஆனால் முதல் பயணத்திலேயே சட்டத்தை விட்டுக்கொடுத்தால் பிறகு அது சட்டமா? அரிசியும் கிடாரமும் முற்றத்தில் நின்றன. அவள் காலில் இருந்த மணலைத் தட்டிவிட்டுப் பின் சீற்றில் ஏறினாள்.

களுவாஞ்சிகுடியில் பொலிஸ் மறித்தது. நல்லரத்தினம் சந்தோசமாக இறங்கினார். பிழை பிடிக்க முடியாத கார் வைத்திருக்கிறவனுக்குப் பொலிசைக் கண்டால் பயம் எதற்கு? இறங்கின கையோடு, பொலிஸ் மோட்டார் சைக்கிளின் முன் சில்லில் காற்றுக் குறைவு என்று புத்தியும் சொன்னார். இளம் பொலிஸ்காரர் அதைக் காதில் வாங்காமல், குனிந்து கண்ணாடியில் இருந்த பத்திரத்தை வாசித்தார்.

"அன்னப்பூரணி ஆரு?"

"என்ட மனிசி."

"வாகனம் அவட பேரில இரிக்கு. நீங்க ட்றைவரோ?"

நல்லரத்தினம் சிரித்தார். பிறகு அவரும் குனிந்து வாசித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இது என்ட கார்," என்றார். "பதினாலு வருசமாக் கழுவுறது நான்."

"கழுவுற ஆளுக்கெல்லாம் சொந்தமெண்டா, சேர்விஸ் பண்ணுற ஆக்களிட்ட எத்தின கார் இரிக்கும் ஐயா?" பொலிஸ்காரர் பின் சீற்றுப் பக்கம் திரும்பினார். "அம்மா, இவர் உங்கட ஆள்தானே?"

அன்னப்பூரணி அவரைத் தலையில் இருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். முப்பது வருடக் கலியாணம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"ஓம் தம்பி. நல்ல ட்றைவர். வாய்தான் கொஞ்சம் கூட."

கொஞ்சத் தூரம் போய், ஓரத்தில் நிறுத்தினார் நல்லரத்தினம்.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே."

"மூணு தரம் கூப்பிட்டன். உங்கட கால்தான் சாட்சி," என்றாள் அவள். "வெறும் இடத்தில ஆருட பேர எழுதுற எண்டு கந்தோரில கேட்டாங்க. ஆரு வந்து நிக்கிறாவோ அவட பேர எழுதுங்க எண்டன்."

"அப்ப நீயே ஓட்டிக்கொண்டு போ. நான் கூலிக்கு ஓட்ட மாட்டன்."

இறங்கி நடந்தார். தலை நிமிர்ந்த நடை. வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார். வீடு ஆருடையது என்று உடனே ஞாபகம் வந்தது. வட்டைக்குப் போகலாமா? அதுவும் அவளுடையதுதான். பரவாயில்லை. றோட்டு அரசாங்கத்துடையது. அதில் நடக்க ஒருத்தியின் ஒப்பமும் தேவையில்லை. நெற்றியில் வியர்வை ஓட, மண்டூர்ப் பக்கமும் போகாமல் களுதாவளைப் பக்கமும் போகாமல், கிடைத்த ஒழுங்கையில் திரும்பி நடந்தார். வாழ்க்கையில் முதல் தரம் தன் சொந்தக் காலில் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஒழுங்கை முனையில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது பிழையாய்ப் போயிற்று.

கார் நின்றது. எஞ்சின் நின்றிருந்தது. நாலு மூலை விளக்கும் மினுங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நிறுத்தினபோது போட்டது, இறங்கின ஆத்திரத்தில் அணைக்க மறந்துவிட்டார். நாலு வருடப் பற்றரி. எத்தனை நேரம் தாங்கும்? அன்னப்பூரணிக்கு எந்தச் சுவிச் என்று தெரியாது. பற்றரி செத்தால் ஆரோ ஒரு தெரியாதவன் வந்து மூடியைத் திறப்பான், வயரை மாற்றிக் கொழுவுவான். இன்னும் பத்து அடி வீம்புக்கு நடந்து பார்த்தார். பதினோராவது அடி வைக்க மனம் வரவில்லை. பெயர் ஆருடையதாக இருந்தால் என்ன, பற்றரி என்ன பாவம் செய்தது?

திரும்பி வந்தார். முன் கதவைத் திறந்து உள்ளே ஏறி விளக்கை அணைத்தார். தான் தோற்றுப்போய் வரவில்லை என்றும், பற்றரிக்காகத்தான் வந்ததாகவும், அது வேறு இது வேறு என்றும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம்," என்றாள் அன்னப்பூரணி, பின் சீற்றில் இருந்தபடி. "கதவை மெல்லச் சாத்துங்க."

நல்லரத்தினம் மெல்லத்தான் சாத்தினார்.