பல் டாக்டரும் ஃபுல் டேங்கும்

உயிரே போனாலும் புதுக் காரின் குறையை மனைவியிடம் சொல்வதில்லை என்று பல் டாக்டர் சபதம் செய்துகொண்டார். காரணம் இருந்தது. "வாங்கினவங்க நாலு பேரைக் கேட்டுட்டு வாங்கலாங்க" என்று அந்த அம்மாள் ஷோரூமில் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, இவர் மார்தட்டியிருந்தார். "இதுல ஒரு குறை வரட்டும், சாவியை உன் கையில குடுத்துடறேன்."

கார் என்றால் கார். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கதவைச் சாத்தினால் சாத்திய சத்தமே கேட்காது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாமா என்றுகூட டாக்டர் யோசிப்பார். தூசி படும் என்று கிளினிக்குக்கு நடந்தே போவார். ஆனால் அந்த மகராசிக்கு ஒரே ஒரு வியாதி. பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆகாது. பசியோடு ஓடும், வயிறு நிறைந்தால் படுத்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே சாவியைத் திருகினால்தான் உறுமிக்கொண்டு எழும்பும். இந்த வித்தையைத் தாமே கண்டுபிடித்த அன்று டாக்டருக்குத் தம் மீதே பக்தி வந்துவிட்டது.

அதனால் பங்க்குக்குத் தனியாகத்தான் போவார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"டயருக்குக் காத்து அடிக்க."

"முந்தாநாள்தானே அடிச்சீங்க?"

"காத்து ஒரு இடத்துல நிக்குமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே போகும் வழியில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. டாக்டர் அதைப் பார்க்காத மாதிரி பாட்டைச் சத்தமாக வைத்தார்.

"பங்க் வருது, திருப்புங்க."

"இன்னும் ஓடும்மா."

"நடுரோட்டுல நின்னா நீங்கதான் தள்ளணும்."

திருப்பினார். டேங்க் நிரம்ப நிரம்ப அவர் மீட்டரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, காலை ஊன்றிச் சாவியைத் திருகினார். வண்டி போட்ட உறுமலில் பக்கத்து வண்டிக்காரர் கையிலிருந்த சில்லறையைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏங்க, எதுக்கு இந்த மிதி மிதிக்கிறீங்க? இப்பல்லாம் சும்மா திருகினாலே வருமே."

"இப்பல்லாம்னா?"

"போன மாசமே வால்வை மாத்தியாச்சு. பெட்ரோல் ஆவியை அடக்கற வால்வாம். இந்த வண்டி வாங்கினவங்க பாதிப் பேர் இதே புகாரோட சர்வீஸ்ல நின்னாங்க. வாரண்டியில மாத்திக் குடுத்துட்டாங்க."

டாக்டர் நம்பவில்லை. வண்டியை அணைத்து, காலைத் தூக்கிக்கொண்டு திருகினார். சமர்த்தாக எழுந்தது. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர், யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காத்தடிக்கப் போன மனுஷன் மேல பெட்ரோல் வாசம் அடிச்சா சும்மா விடுவாங்களா? ஒருநாள் பின்னாலயே வந்து பார்த்தேன். நீங்க பண்ணின கூத்தை பங்க்கே வேடிக்கை பார்த்துது."

"சரி, வண்டியை எப்ப எடுத்துட்டுப் போனே?"

"நீங்க கிளினிக்ல பல்லு பிடுங்கிட்டிருந்தப்ப."

இப்படிப்பட்டவளிடமா வாலாட்டினோம் என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. கோபம்கூட வரவில்லை, கும்பிடத்தான் தோன்றியது. இருந்தாலும் சாவி மேலிருந்த ஆசை விடவில்லை.

"அப்போ இன்னிக்கு வண்டியில குறை ஒண்ணும் இல்ல. சாவி என்கிட்டயே இருக்கலாம்தானே?"

"தாராளமா வச்சுக்குங்க."

ஜெயித்த சந்தோஷத்தில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் டாக்டருக்கு உறைத்தது.

"ஆமா, அன்னிக்குச் சாவி என் பையிலதானே இருந்துது?"

"புது வண்டிக்கு ரெண்டு சாவி தருவாங்க. நீங்க வண்டியோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தீங்க. அதனால இன்னொண்ணை என்கிட்ட குடுத்தாங்க."

சாவி இன்றுவரை டாக்டர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வண்டிதான் வீட்டில் இருப்பதில்லை.