நேரந்தவறாத கோளாறு

சாய்ந்தமருது
2024.02.07, புதன்கிழமை, மு.ப. 9.10

1.0 பொருள்: தாங்கள் அனுப்பிய லெப்டொப்பின் வயர்லெஸ் இணைப்புத் துண்டிக்கப்படுதல்

அன்பின் மருமகன் மசூர் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கள் மாமி சபூறாவும் நலம். லெப்டொப் நலமில்லை. தொலைபேசியில் சொன்னால் தாங்களும் மகளும் சிரிக்கிறீர்கள். ஆகவே எழுத்துமூலம் அறிவிக்கிறேன். நாளை தாங்கள் இருக்கும் தோஹாவுக்கு வரும் நம் அயல்வீட்டு மஜீட் இதைக் கையளிப்பார்.

04ஆந் திகதி என் முதல் பேத்தி பிறந்ததிலிருந்து அவள் முகத்தை முழுதாகப் பார்க்க முயல்கிறேன். ஒவ்வொரு நாளும் 12.22, 3.41, 6.16, 7.28 ஆகிய நேரங்களில் இணைப்பு அறுந்துவிடுகிறது. முப்பத்தெட்டு வருட அரச சேவையில் இவ்வளவு நேரந்தவறாத எதையும் நான் கண்டதில்லை. என்னில் தவறில்லை, பாங்கு கேட்டதும் தொலைக்காட்சி, மின்விசிறி என ஓசைப்படும் யாவற்றையும் நிறுத்தி, லெப்டொப்பின் பக்கவாட்டிலுள்ள சின்னச் சுவிட்சையும் தள்ளி அதன் சத்தத்தை அடக்கிவிட்டே பள்ளிக்குத் தொழப் போகிறேன், திரும்பியதும் மறக்காமல் பழையபடி தள்ளுகிறேன், பள்ளியில் அதற்காகத் துஆவும் கேட்கிறேன், பலனில்லை, கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் ஒருதரம் நிறுத்தி இயக்க உடனே வேலைசெய்கிறது, "ஒரு பிழையும் இல்ல ஹாஜியார்" என்கிறார், வீட்டுக்கு வந்து மகளை அழைத்தால் பிள்ளையின் நெற்றி தெரிந்து புருவம் தெரிய முன் 3.41 ஆகிவிடுகிறது, சபூறாவோ கவலையே இல்லாமல் கொலுசு வாங்கச் சொல்கிறாள், கால் அளவு தெரியாதே என்றால், "எனக்குத் தெரியும், நீங்க வாங்குங்க" என்கிறாள்.

எதிர்வரும் 10ஆந் திகதி பெயரிடுதலை எங்கள் நேரப்படி பி.ப. 3.30க்குக் குறித்துள்ளீர்கள். பதினொரு நிமிடத்தில் மௌலவி துஆவையே முடிக்கமாட்டார். பெயர் சொல்ல முன் படம் போய்விடும். ஆகையால் 2.30க்கு முற்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன்.

பேத்தியைக் கண்ணூறு படாமல் அல்லாஹ் காப்பானாக.

இங்ஙனம்,
மாமா அ. மு. மீராசா
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

பி.கு. (மு.ப. 10.05): உறையிலிட முன் சபூறாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேரங்களைக் கேட்டதும் சிரித்து விக்கிவிட்டாள்.

"இஞ்சருங்க, இதெல்லாம் பாங்கு நேரம். நீங்க தள்ளுறது சத்தத்துட சுவிச்சு இல்ல, வயர்லெஸ்ஸ நிப்பாட்டுறது. திரும்பத் தள்ளினா மட்டும் வராது, மூலையில இரிக்கிற அடையாளத்தையும் ஒருக்கா தட்டணும்."

"ஆரு உனக்குச் செல்லித் தந்த?"

"மருமகன்தான். நீங்க பள்ளிக்குப் போனா நான் தொழுதுட்டு ஒவ்வொரு வக்துக்கும் புள்ளயப் பாக்கன். நீங்க வாற சத்தம் கேட்டா பழையபடி தள்ளி வெச்சிருவன்."

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"நீங்க இரிந்தா நான் எப்ப கதைக்கிற?"

லெப்டொப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் மூலையைத் தட்டி மகளை அழைத்தாள். பேத்தி திரை நிறையக் கொட்டாவி விட்டாள். மூக்கு என்னுடையது.

ஆகவே மேற்கண்ட முறைப்பாடும் வேண்டுகோளும் இரத்து. 3.30க்கே நடக்கட்டும். பாங்கு சொல்லும்போது என் இரண்டு கைகளும் மடியில் இருக்கும்.

இணைப்புகள்:
1. மஸ்கட் அல்வா, அரைக் கிலோ.
2. மேற்படி சுவிட்சின் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் மீதி. தங்கள் லெப்டொப்புக்கும் உதவும்.
3. வெள்ளிக் கொலுசு, ஒரு சோடி. அளவு: சபூறா திரையில் பார்த்தபடி.