கடல்நீரேரிக்குள்ளை லெவல் அண்ணை

லெவல் அண்ணை அளக்காமல் நம்பின விசயம் இந்த உலகத்திலை ஒண்டுமில்லை. எங்கடை நில அளவைக் கந்தோரிலை லெவல் பாக்கத் தடி பிடிச்சுப் பென்சன் எடுத்த மனிசன், பேரும் அதாலை வந்ததுதான். பிட்டு அவிஞ்சிட்டுது எண்டு மனிசி சொன்னாலும், மூடியைத் திறந்து குத்திப் பாத்திட்டுத்தான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்.

அவரின்ரை மகனுக்குக் கனடாவிலை வேலை. மணலுக்குள்ளை ஊறிக்கிடக்கிற எண்ணெயைத் தோண்டி எடுக்கிற இடம். ஒருநாள் மகன் போனிலை அழுதான். அவன்ரை பன்ரண்டு வயசு மகள் ஏதோ வீடியோ பாத்திட்டு, "உங்கடை எண்ணெயாலை பத்து வருசத்திலை அப்பப்பான்ரை வீடு கடலுக்குள்ளை போகப்போகுது" எண்டு சொல்லி, தகப்பனோடை கதைக்கிறதையே விட்டிட்டாளாம்.

அண்ணைக்கு வந்ததே கோவம்!

"புகை சூடாக்கும், ஐஸ் உருகும். அதை நான் மறுக்கேல்லை. ஆனால் எங்கடை ஊர் அரியாலை பத்து வருசத்திலை தாழுமெண்டு ஆரடாப்பா அளந்தது?"

"விஞ்ஞானியள் சொல்லியிருப்பினம் அண்ணை" எண்டன் நான்.

"விஞ்ஞானி சொன்னவரோ, வீடியோக்காரன் சொன்னவனோ? முதல் அதைக் கேள்!"

அடுத்தநாள் விடிய, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பழைய அளவுத்தடியோடை வீட்டுக்குப் பின்னாலை கடல்நீரேரிக்குள்ளை இறங்கிட்டார். நண்டு பிடிக்க வந்தவை, மனிசனுக்கு மூளை தட்டிட்டுது எண்டு முடிவெடுத்திட்டினம். கனடாவிலை பேத்திக்கு எடுத்த வீடியோ கோலுக்குப் போன் பிடிக்கிற வேலை என்ரை தலையிலை.

எங்கடை கந்தோரிலை ஒரு வழக்கம். தடிக்காரன் அளவைச் சொல்ல ஒருத்தர் எழுதவேணும், இன்னொருத்தர் சத்தமாய்த் திருப்பிச் சொல்லவேணும். இல்லாட்டி அளவு செல்லாது. அண்ணை அதைக் கனடாவுக்கும் சட்டமாக்கினார். பேத்தி எழுதவேணும், தகப்பன் பக்கத்திலை இருந்து திருப்பிச் சொல்லவேணும்.

"அப்பா வேண்டாம், நான் தனிய எழுதுறன்" எண்டாள் பெட்டை.

"அப்ப அளவில்லை. போனை வை!"

ரண்டு நாள் அளவில்லை. மூண்டாம் நாள் ரண்டுபேரும் வந்து இருந்தினம், ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு. அப்பிடியே கன நாள் போச்சுது.

மாரிமழை வந்துது. தண்ணி ஒரு முழம் ஏறி வீட்டுப் படியைத் தொட்டிட்டுது.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோவன் அண்ணை, பிள்ளை பயந்திடும்."

"விசர்க்கதை கதையாதை!" எண்டிட்டு, இடுப்பளவு தண்ணிக்குள்ளை நிண்டு உள்ளதை உள்ளபடி கத்தினார்.

பேத்தி எழுதேல்லை. "அப்பா, அப்பப்பாவுக்கு ஒண்டும் நடக்காதெல்லோ?" எண்டு தகப்பன்ரை கையை இறுக்கிப் பிடிச்சாள். அவன் அளவைத் திருப்பிச் சொல்ல மறந்து, அவளைக் கட்டிப்பிடிச்சான். "மழைத்தண்ணியம்மா, வடிஞ்சிடும்."

அளவு செல்லாதெண்டு அண்ணை குழறப்போறாரெண்டு பாத்தன். மனிசன் போனுக்குள்ளை அவையள் ரண்டுபேரையும் பாத்துக்கொண்டு நிண்டார். கையிலை இருந்த தடி நழுவித் தண்ணியோடை போகுது.

"அண்ணை, தடி போகுது!"

"போகட்டும் விடு. நீ போனை ஆட்டாமல் பிடி."

ஆட்டாமல்தான் பிடிச்சன். அந்த மனிசனுக்காக இன்னும் எவ்வளவு நேரமும் மழைக்குள்ளை நிண்டிருப்பன்.