இரண்டு தெரு தள்ளியிருந்த குவைத்

வெளிநாடு போய் நொடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. டவுன் பஸ்கூட ஏறாமல் வெளிநாடு போய் நொடித்த மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ராஜபாளையத்துக் குவைத் அண்ணாச்சி ஒருவர்தான்.

நூல் மில்லில் ஃபிட்டர். சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே இழுபறி. குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி வேலை என்று மதுரை ஏஜெண்ட் ஒருவன் சொன்னதை நம்பி, வன்னியம்பட்டியில் இருந்த புஞ்சையை விற்றுப் பணம் கட்டினார். மில் வேலையையும் விட்டார். ஜோசியர் பயணத்துக்கு ஒரு புதன்கிழமை காலையைக் குறித்தார். நல்ல நேரம் வந்துவிட்டது, விசா வரவில்லை. அதற்கென்ன, பரஸ்தானம் இருக்கிறதே! அந்த நேரத்தில் பெட்டியை மட்டும் வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பியதாக ஐதீகம். அண்ணாச்சி தன் பெட்டியை இரண்டு தெரு தள்ளி, நான் வேலை பார்த்த கழிவுப்பஞ்சுக் கடையின் பின்னறையில் கொண்டுவந்து வைத்தார்.

மற்றவர்கள் பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். இவர் பெட்டியோடு தானும் உட்கார்ந்துவிட்டார்.

"பொறப்பட்டாச்சுல்ல தம்பி. இனி வாசப்படிய மிதிச்சா பயணம் கெட்டுப்போகும்."

சித்திரையில் உட்கார்ந்தவர் ஆனி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. தெருவில் என்னடாவென்றால், 'ஃபாரின்காரர் வீடு' என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். கோயில் வரிக்கு வந்தவர்கள் இரண்டு பங்கு கேட்டார்கள். அண்ணாச்சி சம்சாரம் செல்லத்தாய் மதினி ராத்திரி பகலாகத் தீப்பெட்டி ஒட்டினார். சம்பளம் ஒன்றைத் தவிர குவைத்தின் சகல செலவும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அண்ணாச்சி மாத்திரம் நிஜமாகவே கடல் கடந்தவர் மாதிரி இருந்தார். தங்கை மகள் காதுகுத்துக்குக் கூப்பிட்டால், "லீவு கெடைக்காதுப்பா" என்பார். ஒருநாள் கடை வாசலில் சாரலில் நனைந்துகொண்டே தன் தெருக்காரர் ஒருவரிடம், "ஊர்ல சாரல் விழுதா?" என்று கேட்டார்.

"நீங்க நனைஞ்சுக்கிட்டுத்தான நிக்கீக அண்ணாச்சி?"

"அது இங்க. ஊர்ல?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆடியில் அந்த எரிச்சலும் போய்விட்டது. ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. அண்ணாச்சி பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டுப் பின்னறையில் போய்ப் படுத்தார். நான் மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். ஏஜெண்ட் ஆபீஸில் பூட்டுத் தொங்கியது.

தெருப் பெண்கள் பழக்கதோஷத்தில் மதினியிடம் துக்கம் விசாரிக்கவே போய்விட்டார்கள்.

"அவுக பத்திரமா இருக்காகளா?"

"இருக்காக. நேத்துதான் எட்டிப் பாத்துட்டு வந்தேன்."

பின்னறையில் சிரிக்க ஒன்றுமில்லை. அண்ணாச்சி சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போங்கள் என்றால், "நெலமும் போச்சு, வேலையும் போச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பஞ்சு மூட்டை கட்டும் கயிறுகளையெல்லாம் ஒரு சாயங்காலம் நான் முன்னறைக்கு மாற்றினேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

மறுநாள் மதினி வந்தார். விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"பேப்பர் பாத்தீகளா?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

"குவைத்துக்குப் போனவுக எல்லாரும் வெறுங்கையோடதான் வந்து எறங்குதாக. எந்த வீட்டுலயும் வேண்டாம்னு சொல்லல. நீங்களும் வாங்க. சோறு ஆறுது."

அண்ணாச்சி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மதினியின் பின்னால் நடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. "வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீக?" என்று மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்று கேட்டார்.

அதே மில்லில் பதிலி ஆளாகப் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஏறிய வாடகை கடைசிவரை இறங்கவில்லை. அதற்குப் பின் எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேர் நிஜமாகவே கடல் கடந்து போய் வந்துவிட்டார்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தாரே என்று நான் சாமியைக் கும்பிட்டது அந்த இரண்டு தெருப் பயணத்துக்குத்தான்.