ஜலதரங்க மாப்பிள்ளை

"ரொம்ப நல்லா இருக்குங்க மாமா" என்று வீரமணி சொல்லி முடிப்பதற்குள், மாமனார் வெள்ளைச்சாமி எழுந்துபோய் டேப் ரெக்கார்டரின் சத்தத்தை இன்னும் ஒரு திருகு கூட்டிவிட்டு வந்தார்.

தலை தீபாவளிக்கு மனைவி பரிமளாவோடு விக்கிரமங்கலம் வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதிரசத் தட்டு கைக்கு வந்ததுமே பாட்டும் வந்துவிட்டது. பாட்டு என்றும் சொல்ல முடியாது, பாடுவதற்கு அதில் ஆளே இல்லை. ஜலதரங்கம். பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரை ஊற்றி வரிசையாக வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இரண்டு குச்சிகளால் தட்டிக்கொண்டே இருந்தார். வீரமணிக்கு அது, கோபத்தில் இருக்கும் பெண்பிள்ளை பாத்திரம் கழுவுவதுபோலக் கேட்டது.

அதைச் சொல்ல முடியுமா? புது மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டே மாதம். மாமனாரோ எதிர் நாற்காலியில் கண்களை இறுக மூடி, இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். முந்திரித் தோப்பும் பருத்திக் காடும் வைத்திருக்கிற மனிதருக்குள் இப்படி ஒரு ரசனையா என்று வீரமணிக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அவனுக்குச் சினிமாப் பாட்டுதான் உயிர். அதுவும் மேளம் அதிர்கிற குத்துப்பாட்டு. பெரம்பலூரில் அவன் வேலை பார்த்த விதைக் கடையில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் மூட்டை இறக்குவான். வீட்டு டேப் கல்யாணக் கூட்டத்தில் கீழே விழுந்து உடைந்துபோனதால், பரிமளாவை இன்னும் ஒரு பாட்டுகூடக் கேட்கவைத்ததில்லை. அதற்காகவே ஒரு மாதம் யோசித்துப் பன்னிரண்டு பாட்டுகளைப் பொறுக்கி, ஒரு கேசட்டில் பதிந்து, பைக்குள் வேட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். மாமனார் வீட்டு டேப்பில் அதைப் போட்டு, அவள் முகம் எப்படி மலர்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலை தீபாவளிக்கு அவன் போட்டிருந்த திட்டம் அவ்வளவுதான்.

அழுக்குத் துணி எடுக்க வந்த மாமியார் செங்கமலம் அந்தக் கேசட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன பாட்டு என்று கேட்டாள். கிண்ண சங்கீதம் கேட்கிற குடும்பத்தில் குத்துப்பாட்டு என்று எந்த வாயால் சொல்வது?

"அது சும்மா காலி கேசட்டுங்கத்த" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை காலை, காப்பிக்கு முன்னாலேயே கிண்ணங்கள் ஆரம்பித்துவிட்டன. தாங்க முடியாமல் தலைவலி என்று பரிமளாவிடம் முனகினான். அவள் தைலம் எடுத்து வருவதற்குள் மாமனார் டேப்பைத் தூக்கிவந்து அவன் தலைமாட்டில் வைத்தார். மனசுக்குப் பிடிச்சதைக் கேட்டா வலி தெரியாது மாப்பிள்ள என்றார். வைத்துவிட்டு அவர் தோப்புப் பக்கம் போனார். செங்கமலம் மாட்டுக்கு வைக்கோல் போடக் கொல்லைக்குப் போனாள். கேசட் ஓட ஆரம்பித்தாலே அவள் வைக்கோல் போடப் போய்விடுவாள். முந்தின நாள் மாலையிலிருந்து அந்த மாடு தின்றிருந்த வைக்கோல் ஒரு வாரத்துக்குக் காணும்.

தைலத்தைத் தேய்த்துவிட்டுப் பரிமளாவும் அடுப்படிக்குப் போனதும் வீரமணி கேசட்டை வெளியே எடுத்தான். விரலை விட்டு நாடாவை ஒரு முழம் இழுத்தான். மனசு ஆறாமல் இன்னும் நாலு முழம் இழுத்தான். பிறகு, டேப் நாடாவைச் சுற்றி இழுத்துவிட்டதாக தோப்பிலிருந்து திரும்பிய மாமனாரிடம் வருத்தமான முகத்தோடு சொன்னான்.

வெள்ளைச்சாமி தொங்கிய நாடாவை இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தார். மாமனார் அழுதுவிடுவாரோ என்று வீரமணிக்குக் குற்ற உணர்ச்சியாகப் போய்விட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அரியலூரில் கிடைக்காமல், தீபாவளிக் கூட்டத்தில் நசுங்கித் திருச்சி வரைக்கும் போய், சாயங்காலம் நாலு கேசட்டோடு திரும்பினார். நாலும் ஜலதரங்கம்.

மாமனாரின் சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். அதைப் பார்த்ததும் வீரமணிக்கு மனசு கேட்கவில்லை. இனிமேல் இவர் அலையக் கூடாது, தானும் பிழைக்க வேண்டும் என்று யோசித்து, ஒரே போடாகப் போட்டான்.

"இதை நேர்ல உக்காந்து கேக்கணுங்க மாமா. நேர்ல ஒரு தரம் கேட்டுட்டா அப்புறம் கேசட்டுல கேக்கத் தோணாது."

கும்பகோணத்தில் வெள்ளைச்சாமிக்கு முந்திரி வியாபாரி ஒருவர் பழக்கம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மாமனார் அப்போதே டெலிபோன் பூத்துக்குப் போய்விட்டார்.

தீபாவளியன்று மத்தியானம், கறிச்சோறு தின்று கண் சொருகுகிற நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. பதினாறு கிண்ணங்களோடு ஒரு வித்வான் இறங்கினார். பத்து வருஷமாக யாரும் கூப்பிடாத மனிதர். ஒரு மாப்பிள்ளை ஜலதரங்கத்துக்காக ஏங்கிப்போய்க் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பண்டிகையைக்கூடப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டாராம். தெருவே திரண்டு வீட்டுக்குள் வந்தது. வீரமணியை முன்வரிசையில், கிண்ணங்களுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு எந்த ராகம் பிடிக்கும்?" என்று வித்வான் கேட்டார்.

வீரமணிக்கு ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது.

"எனக்கு எல்லாமே பிடிக்குங்க."

வித்வானின் கண்கள் பனித்தன. எல்லாவற்றையும் வாசித்தார். மூன்று மணிக்கு உட்கார்ந்தவர் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. எப்போது தலையாட்ட வேண்டும் என்று தெரியாமல் தெரு முழுவதும் வீரமணியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஈ ஒன்று மூக்கில் உட்கார, அவன் தலையை உதறியபோது, நாற்பது பேர் தலையை உதறினார்கள். வித்வான் உற்சாகமாகி அதே இடத்தை மறுபடி வாசித்தார்.

கச்சேரி முடிந்ததும் மாமனார் டேப்பிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் முழுசாப் பதிஞ்சாச்சு மாப்பிள்ள. நல்லவேளை, காலி கேசட்டு இருக்குன்னு உங்க அத்தைக்கு ஞாபகம் வந்துச்சு."

பன்னிரண்டு பாட்டுகள். வீரமணி கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாப்பிள்ளை சந்தோஷத்தில் பேச்சு வராமல் நிற்கிறார் என்று தெருவே நெகிழ்ந்தது.

திங்கட்கிழமை புறப்படும்போது வெள்ளைச்சாமி டேப் ரெக்கார்டரையே துண்டில் கட்டி அவன் கையில் கொடுத்தார். வீரமணி பதறிப்போய் வேண்டாம் என்றான். தயவுசெய்து எடுத்துக்கிட்டுப் போங்க மாப்பிள்ள என்றார் அவர். அந்தத் தயவுசெய்து மிகவும் அழுத்தமாக இருந்தது. பஸ் நகர்ந்தபோது மாமியார் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

அரியலூர் தாண்டியதும், சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிட்டுப் பரிமளா மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குச் சினிமாப் பாட்டெல்லாம் பிடிக்காதாங்க?"

வீரமணி மடியில் இருந்த டேப்பைப் பார்த்தான். அவளுடைய அப்பாவின் பொத்தான் இல்லாத சட்டை ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்ததையே தூக்கிக் கொடுத்த மனிதர். அவருடைய மகளிடம் போய் எப்படிச் சொல்வது?

"சேச்சே. அதையெல்லாம் யாரு கேப்பா" என்றான்.

பரிமளா மூடிய கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூலாம்பாடியில் வீடு வந்து சேர்ந்ததும், பையைக்கூடப் பிரிக்காமல் அவள்தான் டேப்பைச் செருகிக் கச்சேரிக் கேசட்டை ஓடவிட்டாள். போட்டதும் மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா பார்த்து வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனாள். முறத்தோடு உள்ளே வந்த வீரமணியின் அம்மா பாப்பாயி, இது என்னடா சத்தம் என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

"உன் சம்பந்தி வூட்ல இதாம்மா உசுரு. மூணு நாளா இதைத் தவிர வேற எதையும் போடல. அவங்க மனசு நோகக் கூடாதேன்னு நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

பாப்பாயி காதிலிருந்து கையை எடுத்தாள். அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவங்களுக்கு ஏதுடா இதெல்லாம்? வூடு பாக்க வந்தன்னிக்கி, மாப்பிள்ளைக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு சம்பந்தி கேட்டாரு. உன் குத்துப்பாட்டச் சொன்னா பொண்ணு குடுப்பாங்களான்னு, ரேடியோவுல அப்ப எவனோ கிண்ணத்தத் தட்டிக்கிட்டு இருந்தான், அதையே சொல்லி வச்சேன்."