கொலைகாரரைத் தப்பாகச் சொல்வதில் இருபத்திரண்டு வருடம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும், இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படித்துவிடப் போகும் சம்பந்தி அம்மாவுக்கும் அநேக வணக்கங்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதன் காரணம் கீழே வரும். அங்கேயும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "பத்திரிகை நிர்வாகம் என் மகளிடம் வேலையா கதையா என்று கேட்டிருக்கிறதாம். வீட்டுக்குப் பெரியவர் நீங்கள். நல்ல புத்தி சொல்லிக் கதையை விடச் செய்து, வேலையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். தலைமையாசிரியராக இருந்தவர் வாக்கைத் தட்ட முடியுமா? இறங்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நிர்வாகத்தின் உத்தரவை நானே கண்ணாடி போட்டுப் படித்தேன். உங்கள் மகள் தினசரியில் வழக்குச் செய்தி எழுதுகிறாள், வாரப் பத்திரிகையில் அதே பெயரில் கொலைத் தொடர்கதையும் எழுதுகிறாள் அல்லவா? போன மாதம் ஒரு வாசகர் நிஜக் கொலை வழக்கின் செய்தியைப் படித்துவிட்டு, "கொலை செஞ்சது மச்சான்தானே? அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது, இப்பவே சொல்லிடுங்க" என்று ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். பின்னாலேயே அந்த மச்சானின் வக்கீலும் போட்டிருக்கிறார். ஆகவே, ஒரே பெயர் செய்தியிலும் கதையிலும் வரக்கூடாது, மாதக் கடைசிக்குள் எது என்று முடிவைச் சொல்லவும் என்று உத்தரவு.

சம்பந்தி, நீங்கள் கல்யாணத்தின்போது "என் பொண்ணுக்குக் கொஞ்சம் எழுதுற பழக்கம் உண்டு" என்று சொன்னீர்கள். ஏதோ கடிதம் கிடிதம் எழுதும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கல்யாணமாகி இங்கே வந்த வருடமே பத்திரிகையில் மரண அறிவிப்புப் பகுதியில் சேர்ந்தாள். ஒரு அறிவிப்பில் செத்தவர் வயது இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்ததாம், நேரே அந்த வீட்டுக்குப் போய் விசாரித்து, செத்ததே வேறு ஆள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த மாதமே குற்றச் செய்திப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் முதல் நாவல். இப்போது முப்பத்தொரு நாவல். சாப்பிடும்போது "மாமா, ஒரு ஆளை நாற்காலியோட சேர்த்துக் கட்ட எத்தனை அடி கயிறு வேணும்?" என்பாள். நான் முப்பது வருடம் நிலம் அளந்த சர்வேயர், தோராயமாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உட்கார்ந்து கட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். அப்படிக் கட்டுண்டு கிடந்த என்னை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "காபி இப்பவா, அவுத்த பிறகா?" என்று கேட்டாளே தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் மகனோ பல் டாக்டர்; அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே களைத்துப்போய், வீட்டில் தன் வாயைத் திறப்பதே இல்லை.

உங்களுக்குத் தெரியாத இன்னொரு வழக்கமும் இந்த வீட்டில் உண்டு. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வரை கதை முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டுவாள். கொலைகாரர் யார் என்று நான் ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவள் கடைசி அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன்பு உறையைப் பிரிப்பாள். நான் சரியாக எழுதியிருந்தால் கதையைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவதாக ஏற்பாடு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பக்கம்கூடக் கிழிபடவில்லை. ஒரு தடவை துப்பறிபவரையே எழுதினேன். ஒரு தடவை, தலை ஒரு ஊரிலும் உடல் ஒரு ஊரிலும் கிடந்த கதைக்கு "தற்கொலை" என்று எழுதிக் கொடுத்தேன். "மாமா மாதிரி ஒரு வாசகர் யாருக்குக் கிடைப்பாங்க!" என்று அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தேன். "எதை விட்டாலும் பாதி ஆளாத்தான் இருப்பேன் மாமா. என்னால முடிவு பண்ண முடியலை. இந்தத் தடவை உங்க சீட்டே முடிவு பண்ணட்டும். நீங்க சரியாச் சொல்லிட்டீங்கன்னா என் கதையில சரக்கு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம், கதையை விட்டுடறேன். வழக்கம்போலத் தப்பாச் சொன்னா வேலையை விட்டுடறேன்" என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள்! உங்கள் மகளின் வேலை நிலைக்க வேண்டுமானால் நான் ஆயுளில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

கதை இதுதான். பங்களாவில் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் குடும்ப டாக்டர், வக்கீல், இரண்டாம் மனைவி, தோட்டக்காரர் என்று நாலு பேர் மேல். யோசித்து யோசித்து எனக்கு நாலு பேருமே நல்லவர்களாகத் தெரிந்தார்கள். சரி, குறுக்கு வழிதான் என்று அவள் இல்லாத நேரம் அவள் அலமாரிக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறக்கத் தவழ்ந்து போனேன் (முழங்கால் போனது இங்கேதான்). பெட்டிக்குள் ஒரே ஒரு காகிதம்: "இங்கே இல்லை மாமா. மெதுவா எழுந்திருங்க." நொண்டிக்கொண்டே வாரப் பத்திரிகை ஆபீசுக்குப் போய்ப் பக்கம் அமைப்பவரைக் கேட்டேன். "சார், கடைசி அத்தியாயம் எங்களுக்கே வியாழக்கிழமைதான் வரும். எங்க ஆசிரியரே 'யாரும்மா அது'ன்னு போன்ல கெஞ்சிட்டிருக்கார்" என்று கையை விரித்தார். மறுநாள் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு தினசரி ஆபீசுக்கே போய்விட்டேன்.

அங்கே பார்த்ததைத்தான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அவள் போனில் இருந்தாள். என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். எதிர்முனையில் ஒரு அம்மா. மகள் காணாமல் போய் நாலு மாதமாம். "சொல்லுங்கம்மா... அன்னிக்கு என்ன கலர் போட்டிருந்தா?... அழுங்க, பரவாயில்லை, நான் இங்கதான் இருக்கேன்." நாற்பது நிமிடம், சம்பந்தி. சுற்றிலும் ஒரே கூச்சல், அவள் காதில் அந்த அம்மாவைத் தவிர யாரும் இல்லை. போனை வைத்த பிறகு நாலு வரி தட்டினாள், அதிலும் மூன்றை அழித்தாள். "இவ்வளவு நேரம் கேட்டது ஒரு வரிக்காகவா?" என்றேன். "நிரூபிக்க முடிஞ்சது அந்த ஒரு வரிதான் மாமா. பேப்பர்ல அதுக்கு மேல ஒரு எழுத்து போடக்கூடாது. மீதியெல்லாம் எனக்குள்ளயே கிடக்கும். பாதிக் கேசுல யார்னு கடைசி வரைக்கும் தெரியறதே இல்லை. அதான் கதை எழுதறேன். அதிலயாவது எந்த அம்மாவும் பதில் தெரியாம வீட்டுக்குப் போறதில்லை" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கிறேன், கயிறு அளந்து கொடுத்திருக்கிறேன், இந்தப் பெண் எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மனுஷி என் வீட்டில் எனக்குத் தட்டு வைக்கிறாளே என்று கூச்சமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் கண் போனது. கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கம்! "கொலையைச் செய்தது டாக்டர்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆக, சரியான விடை கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். "டாக்டர்" என்று எழுதினால் உங்கள் சொல்லைக் காப்பாற்றியவன் ஆவேன். அந்தக் கதைகளும் இன்றோடு நிற்கும். என்னால் முடியவில்லை, சம்பந்தி. வேண்டுமென்றே "தோட்டக்காரர்" என்று எழுதி, உறையை ஒட்டி, மேசையில் வைத்துவிட்டேன். நாளை வியாழக்கிழமை அவள் பிரித்துப் பார்ப்பாள், "வழக்கம்போலத் தப்பு மாமா" என்பாள், வேலையை ராஜினாமா செய்வாள். நல்ல வேலை போவதற்கு நான் ஒருவனே காரணம். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அவளை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். உங்கள் மகளுக்கு முன்னால் நாம் இரண்டு பேருமே கொஞ்சம் சின்னவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சம்பந்தி அம்மாவுக்கு என் மரியாதையும், வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு என் ஆசியும். எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. நல்லவேளை, இதை இன்னும் தபாலில் போடவில்லை. வியாழக்கிழமை அவள் உறையைப் பிரித்தாள், பார்த்தாள், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தோட்டக்காரரா? எப்படி மாமா சரியாச் சொன்னீங்க? என் மேசையில 'டாக்டர்'னு எழுதி வெச்சிருந்தேனே, பார்க்கலையா?" என்றாள். "பார்த்தேனே, அதனாலதான் அதை எழுதலை! நீ கதையை விடக்கூடாதுன்னுதான்!" என்றேன். "ஐயோ மாமா, பெட்டியில ஏமாந்தா அடுத்து என் மேசைக்குத்தான் வருவீங்கன்னு தெரியும், நீங்க தப்பா எழுதணும்னுதான் முன்னாடியே அதை அங்க வெச்சேன்! இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது சாப்பாடு கொண்டுவந்திருக்கீங்களா? நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேரியரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பந்தயம் பந்தயம்தான், கதையை விட்டுடறேன் என்று எழுந்தவளை என் வீட்டுக்காரி நிறுத்தினாள். "ஒரே பேருதானே வரக்கூடாதுங்கறாங்க? இவர் பேரு சும்மாதானே கிடக்கு, அதைப் போட்டுக்கோ" என்றாள். என் மகன்கூட வாயைத் திறந்து சிரித்தான். ஆகவே, மேலே உள்ள மன்னிப்பு, ராஜினாமா எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வேலை பத்திரமாக இருக்கிறது. அடுத்து என் பெயரில் அவள் எழுதப்போகும் 'என் முதல் நாவலின்' விளம்பரம் என் புகைப்படத்தோடு இன்று வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, "கொலைகாரன் யார் சார், எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மர்மமாகச் சிரித்து அனுப்பிவைத்தேன். உங்கள் மகள் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். உங்களிடம் போனில் ஏதாவது வாய் தவறிச் சொன்னால் உடனே எனக்கு ஒரு கார்டு போடவும்.